ஆள்வாரியாக ஒரு படம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். பஸ்ஸில் எனக்கு எதிர்காற்று ஆகாது. ராஜபாளையத்தில் இறங்க வேண்டுமா? சரி, சரி. நான் மதுரை போய், அங்கிருந்து சென்னைக்கு வண்டி பிடிக்க வேண்டும்.

இல்லை, தென்காசியில் எனக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க வந்தேன். அருவிக்குப் போகவில்லையா என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? லாட்ஜில் கேட்டார்கள், ஆட்டோக்காரர் கேட்டார், காபிக் கடையில் கேட்டார்கள். நான் தண்ணீருக்கு வரவில்லை அம்மா. ஒரு வார்த்தைக்கு வந்தேன். "உன் மேல் தப்பில்லை" என்று அவள் வாயால் ஒரு வார்த்தை. அதைக் கேட்டுவிட்டால் நிம்மதியாகப் போய்விடுவேன் என்று நினைத்தேன்.

அவள் பெயர் குழல்வாய்மொழி. உங்கள் பக்கத்துப் பெயர்தான், உங்களுக்குப் புதிதாக இருக்காது. சென்னையில் ஒருவராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை. குழலி, குழலி என்று பாதியாக்கிவிட்டார்கள். நான் மட்டும் எப்போதாவது முழுசாகக் கூப்பிடுவேன். அப்படிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கிற விதமே வேறு.

நாங்கள் இருந்தது ஒரு சின்ன கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பார்கள். நோயாளி பெயர், வயது, என்ன மாத்திரை, அடுத்து எப்போது வர வேண்டும், எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுமே, அது. அவள் வேலை அதில் பிழை பார்ப்பது. என் வேலை ரிப்போர்ட். யார் யார் என்ன வேலை செய்கிறார்கள், எது முடிந்தது, எது கிடக்கிறது என்று பார்க்க ஒரு கருவி உண்டு. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. சீட்டில் வேலையின் பெயர், அதைச் செய்கிறவர் பெயர், அதன் நிலை. நான் அதையெல்லாம் திரட்டி வாரா வாரம் திங்கட்கிழமை மேலே அனுப்புவேன்.

யாரும் படிக்க மாட்டார்கள். சும்மா சொல்லவில்லை, சோதித்தே பார்த்தேன். ஒரு வாரம் ரிப்போர்ட்டின் நடுவில், "இந்த வரியைப் படிப்பவர் என்னிடம் வந்தால் டீ வாங்கித் தருகிறேன்" என்று எழுதி அனுப்பினேன். மானேஜர் வரவில்லை. முதலாளி வரவில்லை. சாயங்காலம் குழலி வந்து நின்றாள்.

"ஏட்டி சுகந்தி, டீ எங்க? வடையும் சேத்துத்தான?"

"வடை எழுதலையே."

"எழுதாததையும் வாசிக்கிறவ நான். எந்திரி."

அப்படித்தான் எங்கள் சிநேகம். மத்தியானம் சாப்பாடு ஒரே மேஜையில். என் ரசத்தைக் கிண்டல் செய்வாள், "மெட்ராஸ்காரி வெந்நீர்ல மிளகு தூவிக் கொண்டாந்திருக்கா" என்பாள். கிண்டல் செய்துவிட்டு முழுவதையும் குடித்துவிடுவாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் அண்ணன் இருந்தார், அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரரைப் பறிகொடுத்து நாளாகிவிட்டது. பிள்ளைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பிடிக்காது. திங்கட்கிழமை பிடிக்கும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். எங்கள் தொழிலில் ஆட்கள் வருவதும் போவதுமாகவே இருப்பார்கள். போகிறவருக்குக் கடைசி நாளில் கேக் வெட்டுவார்கள். எல்லோரும் கிரீமை முகத்தில் பூசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவள் ஓரமாக உட்கார்ந்து, போகிறவர் முடிக்காமல் விட்ட சீட்டுகளையெல்லாம் தன் பேருக்கு மாற்றிக்கொண்டிருப்பாள். ஆள் பெயர் இல்லாத சீட்டை அந்தக் கருவி அடியிலே தள்ளிவிடும். அடியில் போனது போனதுதான், யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். அதனால் தன் பேரைப் போட்டு மேலே நிறுத்தி வைப்பாள். எங்கள் மானேஜர் ஜெயசீலன், சின்ன வயதுக்காரர், அவளை "அநாதை ஆசிரமம்" என்பார்.

"ஆமா தம்பி," என்பாள். "சோறு போட வேண்டாம். பேரு போட்டாப் போதும்."

அந்தச் சீட்டுகளில் ஒன்று லட்சுமிகளுடையது. மேற்கே ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு மு. லட்சுமிகள். நம் பக்கம்தான் தெரியுமே, இனிஷியலும் பேரும் தவிர வேறு அடையாளம் ஏது? வயதும் ஒன்று. கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் ஒருவர் என்று நினைத்து ஃபைலை ஒன்றாக்கிவிட்டது. ஒருவருக்கு இருதயம், ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவர் மாத்திரை மற்றவருக்கு ஆகாது. பிரித்து வைத்தாலும் சில நாளில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய ஆரம்பித்த பையன் பாதியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். சீட்டு இவள் பேருக்கு வந்தது. இவளுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. அதனால் திங்கட்கிழமை தோறும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவாள். "சிஸ்டர், நம்ம லட்சுமிங்க ரெண்டு பேரும் தனித்தனியா இருக்காங்களா?" என்று கேட்பாள். ஒட்டியிருந்தால் கையாலேயே பிரிக்கச் சொல்வாள். அது அவள் வேலையே இல்லை. யாரும் அவளைக் கேட்கவுமில்லை.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி கை மாறியது. புது முதலாளி பெங்களூர். ஜெயசீலன் என்னைக் கூப்பிட்டு, "மேடம், இனிமே இவ்ளோ எழுத்து வேண்டாம். அவருக்குப் படிக்க நேரமில்லை. சார்ட் போடுங்க. பாத்த உடனே தெரியணும்" என்றார்.

எனக்கு அப்போதே வயது ஐம்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்ளப் பயம். ஆனால் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை அம்மா. ரிப்போர்ட்டைத் திறந்தால் மேலே ஒரு பொத்தான். அழுத்தினால் என்ன மாதிரிப் படம் என்று கேட்கும், வட்டமா, தூணா, கோடா. அடுத்து, எதை வைத்துப் பிரிக்க என்று கேட்கும், மாதவாரியா, நிலைவாரியா, ஆள்வாரியா. சொன்னால் போதும், கண் முன்னால் எழுந்து நிற்கும். முதன்முதலில் ஒரு வட்டம் போட்டேன். முடிந்தது பச்சை, நடப்பது நீலம், கிடப்பது ஆரஞ்சு. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை வருஷம் எழுதிய வரிகளெல்லாம் ஒரு பூப் போல விரிந்து நிற்கின்றன. திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து பதில் வந்தது, "நன்றாக இருக்கிறது" என்று. எனக்கு! ஒருவர் பார்த்திருக்கிறார்! நீங்கள் சிரிக்கலாம். நான் அன்று கழிப்பறைக்குப் போய்க் கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் ஒரு வாரம் ஜெயசீலன், "ஆள்வாரியா ஒண்ணு போடுங்க மேடம், அவர் கேக்குறாரு" என்றார். போட்டேன். ஒவ்வொருவர் பேரிலும் முடியாமல் கிடப்பது எத்தனை என்று தூண் தூணாக. குழலியின் தூண்தான் உயரம். மற்றவர்களெல்லாம் அவள் முழங்காலுக்கு நின்றார்கள். உயரத்திலிருந்து வரிசைப்படுத்தினால் பார்க்க அழகாக இருக்கும், அதனால் அவளை முதலில் வைத்தேன். கருவி அவளுக்குக் கொடுத்தது வெளிர் மஞ்சள். திரையில் அது எடுபடவில்லை, அதனால் சிவப்பாக்கினேன். படம் தெளிவாக இருக்க வேண்டாமா?

அனுப்பும் முன் அவளிடம் காட்டினேன். மறைக்கிற புத்தி எனக்கு என்றைக்கும் இல்லை. அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"என்னட்டி, என்னைய கோயில் கோபுரம் மாதிரி நிறுத்தி வச்சிருக்க?"

"உயரமா இருந்தா நல்லதுதானே."

"இதுல உயரம் நல்லதில்ல சுகந்தி. கீழ ஒரு வரி எழுதிப் போடு. இதெல்லாம் விட்டுட்டுப் போனவங்க வேலை, குழலி பாத்துக்கிடுதா, அப்படின்னு. அதுக்கு இடம் இருக்குல்ல?"

இடம் இருந்தது. படத்துக்குக் கீழே விளக்கம் எழுத ஒரு பெட்டி உண்டு. ஆனால் அதில் எழுதினால் படம் சுருங்கிவிடும். இரண்டாம் பக்கத்துக்கும் வழிந்துவிடும். பெங்களூர்க்காரர் ஒரே பக்கம் வேண்டும் என்று சொல்லியிருந்தார். நான் எழுதிப் பார்த்தேன் அம்மா, எழுதாமல் இல்லை. எழுதியதும் தூண்களெல்லாம் குட்டையாகி, பேர்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. எடுத்துவிட்டேன். "கேட்டால் நேரில் சொல்லிக்கொள்ளலாம்" என்றேன். அவள் "சரி" என்றாள். அவளே சரி என்றாள், கவனியுங்கள்.

கேட்டார்கள்தான். கூட்டத்தில் என் படம் பெரிய திரையில் நின்றது. பெங்களூர்க்காரர் வீடியோவில். "இந்தச் சிவப்பு யார்?" என்றார். ஜெயசீலன் பெயரைச் சொன்னார். குழலி அன்று அந்த அறையில் இல்லை, அவள் மட்டத்தில் உள்ளவர்களைக் கூப்பிட மாட்டார்கள். "இந்த எண்ணிக்கை சரிதானா?" என்று கேட்டார். யாரை? என்னை. நேராக என்னைப் பார்த்து. நான், "சரிதான் சார்" என்றேன். கேட்டது எண்ணிக்கை. எண்ணிக்கை சரி. ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததை நானாக எழுந்து சொல்ல, அது என்ன பட்டிமன்றமா?

அந்த மாதக் கடைசியில் அவளைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவளுக்குக் கேக் வெட்டவில்லை. அப்படிப் போகிறவர்களுக்கு வெட்ட மாட்டார்கள். மத்தியானம் சாப்பிட எங்கள் மேஜைக்கு வந்தாள். என் ரசத்தைக் குடித்தாள். அன்றைக்கு ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "வாரேன் சுகந்தி" என்றாள். போய்விட்டாள். அப்புறம் போன் இல்லை, ஒரு சொல் இல்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓயும். கொஞ்ச நாளில் மணியும் அடிக்கவில்லை.

இது புளியங்குடிதானே? எலுமிச்சை வாசனை வருகிறது. ரொம்ப நேரம் நிற்பானோ? சரி, நிற்கட்டும்.

அவள் போன மறுவாரம் ஒரு கூத்து. கருவியிலிருந்து ஓர் ஆளை நீக்கினால் அவர் சீட்டுகளை யார் பேருக்காவது மாற்றியாக வேண்டும் என்று புது முதலாளி வந்த பிறகு ஆக்கியிருந்தார்கள். ஜெயசீலன், ரிப்போர்ட் வைத்திருப்பவர் பேருக்கு என்று சொல்லிவிட்டார் போல. படத்தைத் திறக்கிறேன், அந்தச் சிவப்புத் தூண் அப்படியே நிற்கிறது, கீழே என் பெயர்! சுகந்தி. நான் பிழை பார்க்கிறவளா? எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. இதைப் பார்த்தால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? நல்லவேளையாகக் கருவியில் வடிகட்டி என்று ஒன்று உண்டு. இன்ன சீட்டுகளைப் படத்தில் சேர்க்காதே என்று சொல்லிவிடலாம். சொன்னேன். தூண் மறைந்துவிட்டது. மற்றவர்களெல்லாம் ஒரே உயரத்தில், வெட்டிவிட்ட வேலி மாதிரி. சீட்டுகளை நான் அழிக்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கின்றன. படத்தில் இல்லை, அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து, "நல்ல முன்னேற்றம்" என்று பதில் வந்தது.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வீடு. மதினி கதவைத் திறந்தாள். "மெட்ராஸ்ல இருந்தா? அவளப் பாக்கவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "மாடியில கெடக்கா. வந்ததுல இருந்து இப்படித்தான். இந்த வயசுல யாரு வேல குடுக்கா? எங்களுக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக" என்று காபியை என் கையில் கொடுத்தபடியே சொன்னாள். கெட்டவள் இல்லை. களைத்தவள்.

குழலி இளைத்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் பயந்து வந்தேன், அவள் சிரித்தாள் அம்மா.

"ஏ சுகந்தி! வழி தெரிஞ்சுதா? ரசம் கொண்டாந்தியா?"

பேசினோம், நிறையப் பேசினோம். ஜெயசீலனுக்குப் பதவி உயர்ந்ததைச் சொன்னேன். "நல்லாருக்கட்டும், பாவம், பயந்த பய" என்றாள். எங்கள் மேஜையில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். அப்புறம்தான் கேட்டாள்.

"நம்ம லட்சுமிங்க எப்படி இருக்காங்க?"

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அவளுக்கு நல்ல சேதி ஒன்று வைத்திருந்தேனே. "அந்தக் கவலையே உனக்கு வேண்டாம் குழலி. உன் பேர்ல இருந்ததையெல்லாம் எடுத்துட்டேன். சிவப்புத் தூணே கிடையாது இப்போ. யார் பார்த்தாலும் உன்னைப் பத்தி ஒரு குறை சொல்ல முடியாது" என்றேன்.

"எடுத்துட்டேன்னா? முடிச்சாச்சா?"

"இல்லை, படத்துலேருந்து."

"அப்ப திங்கக்கிழம யாரு போன் பண்ணுதா?"

"யார் பண்ணுவாங்க? அது உன் பழக்கம்."

அவள் என் கையை விட்டுவிட்டாள். கோபமாக இல்லை. ஏதோ எடுக்கப் போகிறவள் மாதிரி விட்டாள். "உன் போனக் குடு" என்றாள். அவள் போனுக்கு ரீசார்ஜ் போட்டே நாளாகிவிட்டதாம். எண்ணை மனசிலிருந்தே அழுத்தினாள்.

"ஸ்டெல்லா சிஸ்டரா?... மாறிட்டாங்களா? சரிம்மா. நான் குழலி. முன்னால அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில இருந்தேன்... மு. லட்சுமின்னு ஒரு ஃபைல் பாருங்க... ஆமா... என்ன போட்டிருக்கு?... எப்போ?"

அப்புறம் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். கீழே மதினி மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும்மா அதுல. ரெண்டு பேர். எறந்தது யாரு?... ஒரே ஃபைலா இருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும், சரி. விசாரிச்சுப் பாருங்க. இருக்கிறவங்க யாரோ, அவங்க இப்போ என்ன மாத்திரை சாப்பிடுதாங்கன்னு பாருங்க. பாத்துட்டு இந்த நம்பருக்குச் சொல்லுங்க."

போனை என் மடியில் வைத்தாள். "கூப்பிடுவாங்க. என்ன சொல்லுதாங்கன்னு கேட்டு எங்க அண்ணன் நம்பருக்குச் சொல்லு" என்று அந்த எண்ணையும் என் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

நான் என்ன சொல்வது? வயதானவர்கள். ஒருவருக்கு இருதயம், ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவர் போய்விட்டார் என்றால் எதனால் போனார் என்று யார் சொல்ல முடியும்? டாக்டராலேயே சொல்ல முடியாது. படத்தாலா போனார்? அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன்.

கிளம்பும்போது கேட்டுவிட்டேன். அதற்குத்தானே வந்தேன். "குழல்வாய்மொழி, என் மேல் உனக்கு வருத்தம் இல்லையே? என் மேல் தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றேன்.

"உன் மேல என்ன தப்புட்டி?" என்றாள். "நீ படம்தான போட்ட."

சொல்லிவிட்டாள். நான் கேட்ட வார்த்தையையே சொல்லிவிட்டாள். ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நல்ல வார்த்தைதான். கனிவாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு ஏனோ தூக்கம் பிடிக்கவில்லை. அவள் வீட்டுப் படி இறங்கும்போது மேலே நின்று பார்ப்பாள் என்று திரும்பினேன். நிற்கவில்லை. மதினிதான் வாசல் வரைக்கும் வந்தாள். நீங்களே சொல்லுங்கள், அவ்வளவு தூரம் வந்தவளை இப்படித்தான் அனுப்புவதா?

சிவகிரி தாண்டிவிட்டதா? அப்படியென்றால் உங்கள் ஊர் கிட்டத்தில்தான். பையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பது என் போன்தான். இருக்கட்டும். காலையிலிருந்து இது மூன்றாவதோ என்னவோ. அந்த ஆஸ்பத்திரி எண்தான், பார்த்தேன். இல்லை அம்மா, நான் என்ன பேசுவது? அவர்கள் ஏதாவது சொல்வார்கள், நான் அதை அவளுக்குச் சொல்ல வேண்டும், அவள் இன்னொன்று கேட்பாள். திங்கட்கிழமை அலுவலகம் போனால் அந்தச் சீட்டு என் பேரில் அல்லவா இருக்கிறது? எடுத்துப் பேசிவிட்டால் அப்புறம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாதே. ஆஸ்பத்திரி என்றால் ஆள் இருப்பார்கள், பார்த்துக்கொள்வார்கள்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? கொஞ்ச நேரம் அடிக்கும்.

பாருங்கள், நின்றுவிட்டது.